எல்லாருக்கும் சம்மதந்தானே

கோவாப் என்கிற புறநகருக்குப் போகிற டிராமில் சீட்டுக் கொடுக்கிறவராக இருந்தார் அவர். பிரெஞ்சுக்காரன் ஆண்ட சைகோனில் என் காப்பிக் கடைக்கு வந்துபோன எத்தனையோ பேரை மறந்துவிட்டேன். இவரை மறக்க முடியவில்லை. பெயரைச் சொல்லமாட்டேன். அதைச் சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காரைக்கால் பக்கத்து மனிதர். நாற்பத்தைந்து வயதிருக்கும். கம்பெனி கொடுத்த காக்கிக் கோட்டில் ஐந்து பொத்தான் பித்தளை, ஆறாவது மட்டும் சிப்பி. தரையில் நடக்கும்போதும் உடம்பு லேசாகப் பக்கவாட்டில் ஆடும். பூமியும் தண்டவாளத்தில்தான் ஓடுகிறது என்று அவர் கால்கள் முடிவு செய்திருந்தன போல. யாரைப் பார்த்தாலும் அவர் வாயில் முதலில் வருவது, "எங்க எறங்கணும்?" டிராமில் கேட்கிற கேள்விதான். தெருவிலும் அதையே கேட்பார். கலியாணம் நிச்சயமானவனைக் கேட்பார். வேலையை விட்டுவிட்டுக் கடை வைக்கப் போகிறேன் என்றவனைக் கேட்பார். ஊருக்குக் கப்பலேறப் போகிறேன் என்று விடைபெற வந்த ஒருவனிடம் கேட்டபோது, அவன் "நாகப்பட்டணம்" என்றான்.

"நாகப்பட்டணத்துல கப்பல் எறக்கிவிட்டுடும்பா. அதுக்கப்புறம் நீ எங்க எறங்கணும்?"

அவன் யோசித்தான். இரண்டு கப்பல் போன பிறகும் யோசித்துக்கொண்டிருந்தான்.

என் கடையில் அவர் காப்பி சொல்கிற அழகு தனி. பெஞ்சில் நாலு பேர் உட்கார்ந்திருந்தால் நாலு பேரையும் கேட்பார். "காப்பியா, டீயா? எல்லாரும் ஒண்ணாச் சொல்லுங்க. தம்பிக்கு அடுப்பு வேலை மிச்சம்." ஒருவன் காப்பி என்பான், ஒருவன் டீ என்பான், ஒருவன் வெறும் வெந்நீர் என்பான். மூன்றையும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகலாம் அல்லவா? போகமாட்டார். வெந்நீர்க்காரனை உட்காரவைத்து, ஏன் வெந்நீர், தொண்டை கரகரப்பா, வயிறா என்று விசாரித்து, அவனைப் பையப் பைய டீ வரைக்கும் கூட்டிக்கொண்டு வருவார். அதற்குள் காப்பிக்காரன் எழுந்து போயிருப்பான். அவன் போனது இவருக்கு அன்றைக்கெல்லாம் உறுத்தும். "அவனை வுட்டுட்டமே தம்பி" என்பார்.

நான் சிரித்திருக்கிறேன். எல்லாரும் சிரித்தோம். அவர் தங்கியிருந்த அறையில் நாலு கட்டைப் பிரம்மச்சாரிகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்ன குழம்பு வைப்பது என்று இவர் ஆரம்பித்துவைத்தார். மீனா, கறியா, மீன் என்றால் எந்த மீன் என்று நாலு பேருக்கும் ஒத்த கருத்து வருவதற்குள் சந்தை மூடிவிட்டது. உள்ளூர்க்காரர்களான அன்னாமியர் ஊற்றிக்கொள்கிறார்களே, அந்த மீன்சாறு ஒரு குப்பி இருந்தது. அதை ஊற்றிச் சோற்றைப் பிசைந்து தின்றிருக்கிறார்கள். மறுநாள் என்னிடம் வந்து பெருமையாகச் சொன்னார்: "நாலு பேரும் ஒரே சட்டியில ஒரே மாதிரி சாப்பிட்டோம். ஒருத்தனும் மூஞ்சியச் சுளிக்கல."

ஆனால் சிரிக்க முடியாத ஒன்றும் அவரிடம் உண்டு. ஒரு மத்தியானம் டிராமில் ஒரு சீனக் கிழவர் ஏறி, எங்கே போக வேண்டும் என்பதை மறந்துபோய் விழித்திருக்கிறார். இவர் மணிக்கயிற்றை இழுத்து வண்டியை நிறுத்திவிட்டார். கிழவருக்கு ஞாபகம் வருகிற வரைக்கும் வண்டி நகரவில்லை. வெள்ளைத் துரை ஒருவர் கைத்தடியால் பலகையைத் தட்டித் தட்டிக் கத்தினாராம். கம்பெனி இவரை ஒரு வாரம் வீட்டில் உட்காரவைத்தது. "எதுக்கு அண்ணே இந்த வம்பு, அடுத்த நிறுத்தத்துல எறக்கிவிட வேண்டியதுதானே" என்றேன்.

"எங்க எறங்கணும்னு தெரியாத ஆளை நானா ஒரு எடத்துல எறக்கிவிட்டா, அது தள்ளிவிட்டதுதானே தம்பி."

இந்த ஒரு குணத்தை வைத்துக்கொண்டுதான் அவர் பால்காரர்களிடம் வந்து சேர்ந்தார்.

என் கடை தாக்காவ் என்கிற பகுதியைத் தாண்டி, டிராம் பாதை ஓரத்தில் இருந்தது. கடைக்குப் பின்னால் ஒரு மேடு. மேட்டில் கீற்றுக் கொட்டில்கள். நம் ஆட்கள் இருபத்தேழு பேர் அங்கே மாடு கட்டியிருந்தார்கள். விடிவதற்குள் கறந்து, வெயில் ஏறுமுன்னே வெள்ளைக்காரர் வீட்டுப் படிகளில் பாலை வைத்துவிட வேண்டும். அந்த மேட்டைவிட்டுத் தள்ளிப் போனால் பால் திரிந்துவிடும். பால் திரிந்தால் பிழைப்பும் போயிற்று. கணக்கு அவ்வளவு சின்னது. நகரசபையிலிருந்து ஆள் வந்து, ஊருக்குள் மாட்டுக்கொட்டில் கூடாது, சுகாதாரம், காலிசெய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனான்.

நகரசபையில் புதுச்சேரிக்காரர் ஒருவர் எழுத்தராக இருந்தார். நல்லவர்தான். அவர் சொல்லியனுப்பினார்: "ஆளுக்கொரு மனுவாக் கொண்டுவந்தா பெட்டிக்குள்ளதான் போகும். ஒரு கூட்டமா வாங்க. உங்க கூட்டம் எதுக்கு, என்ன கேக்குது, ஒரே வரியில எழுதிக் கொண்டாங்க. துரை மேசையில நான் வைக்கிறேன். தெத் பண்டிகைக்கு ஆபீசு மூடுறதுக்குள்ள வரணும்."

தெத் என்பது அன்னாமியர் வருஷப்பிறப்பு. அதற்கு ஆறு ஞாயிறு இருந்தது. ஒரு வரி. யார் எழுதுவது, யார் சொல்லி யார் கேட்பது என்று அடிதடி வருகிற மாதிரி ஆயிற்று. வீரையன்தான், பட்டுக்கோட்டைப் பக்கத்து ஆள், மூன்று மாடு வைத்திருந்தவன், அவன்தான் சொன்னான்: "டிராம்கார அண்ணனைக் கூப்பிடுவோம். அவருக்கு இங்க மாடும் இல்ல, பாலும் இல்ல. யார் பக்கமும் சாயமாட்டாரு."

மேட்டின் ஓரத்தில் மூடிப்போன அரிசிக் கிடங்கின் சுவர் ஒன்று, சுண்ணாம்படித்து நீளமாக நின்றது. ஞாயிற்றுக்கிழமை பகல், காலைக் கறவைக்கும் மாலைக் கறவைக்கும் நடுவில் எல்லாரும் அதன் எதிரே குந்தினார்கள். நானும் கடையைச் சாத்திவிட்டுப் போய் உட்கார்ந்தேன். அவர் ஒவ்வொருவராகக் கேட்டார். "உனக்கு என்ன வேணும்? அடுத்தவனுக்கு என்ன வேணும்னு சொல்லாதே, அதை அவன் சொல்லுவான்." இருபத்தேழு பேரையும் கேட்டு முடித்து, கரித்துண்டை எடுத்துச் சுவரில் பெரிதாக எழுதினார்:

'தாக்காவ் மேட்டில் மாடு வைத்துப் பால் விற்கும் தமிழர்களாகிய நாங்கள் இருபத்தேழு பேரும் இந்த இடத்திலேயே இருக்கத் தங்கள் கருணையைக் கேட்டுக்கொள்கிறோம்.'

அன்றைக்கே அதைத் தாளில் எழுதிக் கொடுத்திருந்தால் இந்தக் கதையை நான் சொல்ல வேண்டியிருக்காது.

ஆனால் அவர் ஒரு முறை வைத்திருந்தார். "இதுல ஒருத்தனுக்குப் பிடிக்காத வார்த்தை இருந்தா அது யாருக்கும் வேணாம். பிடிக்காதவன் வந்து உள்ளங்கையால அழிக்கணும். கையில கரி ஒட்டணும், அப்பத்தான் நெசமாவே வேணாமான்னு யோசிப்பான். அழிக்கிறப்ப நான் பாக்கமாட்டேன். யாரு அழிச்சான்னு கேக்கவும் மாட்டேன்." சொல்லிவிட்டு டிராம் பாதையைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். காக்கிக் கோட்டின் முதுகு மட்டும் தெரிந்தது.

முதலில் எழுந்தவன் அந்துவான், காரைக்கால்காரன். அவன் ஒளிவுமறைவு பார்க்கிற ஆள் இல்லை. "தமிழர்னு போட்டா இங்கிலீஷ்காரன் சீமையிலேருந்து வந்தவங்களோட என்னையும் சேத்து எண்ணுவான். நான் சித்துவாயேன், பிரெஞ்சுப் பிரஜை. ஓட்டுப் போடுறவன்."

"ஓட்டுப் போடுற மாடு எத்தனை வச்சிருக்கே?" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். அந்துவான் சிரிக்காமல் போய்த் 'தமிழர்களாகிய' என்பதைத் துடைத்தான்.

அடுத்த ஞாயிறு பாலுசாமி. பன்னிரண்டு மாடு வைத்திருந்த பெரிய ஆள். "பால்காரன்னாலே தண்ணி கலக்குறவன்னு பேராகிக் கெடக்கு. அந்தப் பேரைச் சொல்லியா கருணை கேக்குறது?" என்றான். "நீ கலக்குறதால வந்த பேருதானே அது" என்று வீரையன் முனகினான். 'பால் விற்கும்' போயிற்று.

மாடு என்று எழுதினால் மாட்டு வைத்தியனை அனுப்புவார்கள் என்று ஒருவனுக்குப் பயம். அவன் கொட்டிலில் ஒரு பசு வாயில் நுரைதள்ளிக் கிடந்தது. மாடு போயிற்று. இருபத்தேழு என்று எழுதினால் ஊரிலிருந்து வரப்போகிற மைத்துனன் இருபத்தெட்டாகிவிடுவான் என்று ஒருவன். எண்ணிக்கை போயிற்று. தாக்காவ் மேடு என்றால் துரைக்கு எரிச்சல் வரும், அந்தப் பெயரில்தான் உத்தரவே வந்திருக்கிறது என்று இன்னொருவன். ஞாயிறு ஞாயிறாகச் சுவரில் எழுத்துக் குறைந்து உள்ளங்கைத் தடம் கூடிற்று. கரி ஒட்டினால் யோசிப்பார்கள் என்று அவர் நினைத்தார். யாரும் யோசிக்கவில்லை. கைலியில் துடைத்துக்கொண்டு மாலைக் கறவைக்குப் போனார்கள். நான் கவனித்தேன், அவர் திரும்பிப் பார்த்துப் புதுச் சுவரைப் படிக்கும்போதெல்லாம் முகம் கொஞ்சம் தெளிந்துகொண்டே வந்தது. சண்டை குறைகிறது என்று பார்த்தார் அவர். எது குறைகிறது என்று பார்க்கவில்லை.

அதைப் பார்த்தது ஒரே ஓர் ஆள்தான். வீரையன் பெண்சாதி லான். அன்னாமியப் பெண். தமிழைக் கல்லடுக்குகிற மாதிரி ஒவ்வொன்றாக வைத்துப் பேசுவாள். கூட்டத்தில் பெண்களுக்கு இடமில்லை. அவள் கொட்டில் வாசலில் நின்றபடியே கூப்பிட்டாள்.

"அண்ணே. எடம் மட்டும் எழுது. வேற வேண்டாம். எடம் இருந்தா மாடு இருக்கும்."

"நீ சொல்றது சரிதாம்மா" என்றார் அவர். "ஆனா நான் எழுதிக் குடுத்தா அது நான் கேட்டதா ஆயிடும். அவங்க கேட்டதா ஆகணும்ல?"

"அவங்க கேக்கும்போது எடம் இருக்காது" என்றாள் லான். வீரையன் அவளை உள்ளே போகச் சொன்னான். அவள் போகவில்லை.

ஐந்தாவது ஞாயிறு முடிந்தபோது சுவரில் இருந்தது இவ்வளவுதான்: 'நாங்கள் இந்த இடத்திலேயே இருக்கத் தங்கள் கருணையைக் கேட்டுக்கொள்கிறோம்.' அது போதும். இப்போது நினைத்தாலும் அது போதும் என்றுதான் படுகிறது. அடுத்த ஞாயிறு வரை சுவர் அப்படியே இருக்கட்டும், யாருக்காவது மனசில் ஏதும் உறுத்தினால் வந்து அழிக்கலாம், ஞாயிறு பகல் என்ன இருக்கிறதோ அதைத் தாளில் எழுதி மறுநாள் கொடுத்துவிடுவோம் என்றார் அவர்.

எனக்கு உறுத்தியது.

என் கடைக்குப் பட்டா கிடையாது. மேட்டின் முனையில் நாலு மூங்கிலை நட்டு நானாகப் போட்டுக்கொண்ட கடை. அதே நகரசபையில் லைசென்சுக்கு எழுதிப்போட்டுக் காத்திருந்தேன். 'இந்த இடம்' என்று ஒரு காகிதம் துரை மேசைக்குப் போனால், எந்த இடம் என்று அளக்க ஆள் வருவான். அளந்தால் என் கடையும் மேட்டோடு சேர்ந்துவிடும். அளக்க வந்தவன் கடையைத்தான் முதலில் பிடுங்குவான் என்று நினைத்தேன். இதை எழுந்து நின்று சொல்லியிருக்கலாம். அவர் முறைப்படி சொல்ல வேண்டியதுகூட இல்லை. சனிக்கிழமை பகல், எல்லாரும் புல்லுக்குப் போயிருந்த நேரம், நான் போய் 'இந்த இடத்திலேயே இருக்க' என்பதன் மேல் கையை வைத்துத் தேய்த்தேன். சுண்ணாம்பு சூடாக இருந்தது. திரும்பினால் கொட்டில் வாசலில் லான். கையில் வைக்கோல் பிரி. என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கையைத்தான் பார்த்தாள். பிறகு குனிந்து மாட்டுக்கு வைக்கோல் போட்டாள்.

ஞாயிறு வந்தது. அவர் சுவர் எதிரே நின்று வாய்விட்டுப் படித்தார். "நாங்கள் தங்கள் கருணையைக் கேட்டுக்கொள்கிறோம்." இன்னொரு தடவை படித்தார். சிப்பிப் பொத்தானைத் திருகினார். கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கேட்கவில்லை, முறை முறைதான். கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, "எல்லாருக்கும் சம்மதந்தானே?" என்றார்.

ஒவ்வொருவனும் தனக்குத் தெரியாத காரணம் வேறு யாருக்கோ இருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். ஆறு வாரம் பேசிக் களைத்திருந்தார்கள். கறவை நேரம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. "சம்மதம்" என்றான் அந்துவான். "சம்மதம்" என்றான் பாலுசாமி. இருபத்தேழு தடவை அந்தச் சொல் கேட்டது. வீரையன் சொன்னபோது கொட்டில் பக்கம் திரும்பாமல் சொன்னான். நானும் சொன்னேன். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. "இத்தனை பேரு ஒரே வார்த்தை சொல்லி என் ஆயுசுல கேட்டதில்ல" என்றார். எல்லாரையும் என் கடைக்குக் கூட்டிவந்து காப்பி வாங்கிக் கொடுத்தார். டீ என்று யாரும் சொல்லவில்லை அன்றைக்கு.

பதில் தெத்துக்கு முன்பே வந்துவிட்டது. எழுத்தர் அதைப் படித்துச் சொன்னார். இங்கே இருக்கிற எல்லார் மேலும் நிர்வாகத்துக்கு எப்போதும் கருணை உண்டு, இனிமேலும் உண்டு என்று எழுதியிருந்தது. கேட்டதைக் கொடுத்துவிட்டார்கள். எழுத்தர் காகிதத்தை மடித்து, "இதுல நான் என்னத்தச் சொல்லி எடுத்துப் பேசுறது?" என்றாராம்.

பண்டிகை முடிந்த நாலாம் நாள் பிற்பகல் நகரசபை வண்டிகள் வந்தன. மாலைக் கறவைக்குக் கொஞ்சம் முன்னால். கீற்றைப் பிரிக்க அதிக நேரம் ஆகவில்லை. கறக்காத மாடுகள் மடி கனத்துக் கத்த ஆரம்பித்தன. கறவைப் பாத்திரங்கள் எல்லாம் வண்டிச் சக்கரத்தில் நசுங்கிக் கிடந்தன. மாட்டுக்கு வலி தாங்காமல் லான் ரோட்டோரம் குந்தித் தரையிலேயே கறந்தாள். பால் புழுதியில் உருண்டை உருண்டையாக ஓடியது.

கோவாப் டிராம் வந்தது. அவர் மணியடித்து நிறுத்தி இறங்கி ஓடிவந்தார். தோளில் தோல்பை ஆடிக்கொண்டிருந்தது. ஒவ்வொருவனாகப் பிடித்து உலுக்கினார். "இப்பச் சொல்லுங்கப்பா. எல்லாரும் ஒண்ணாச் சொல்லுங்க. நான் போய்ச் சொல்றேன். என்ன வேணும், சொல்லுங்க."

எல்லாரும் சட்டி எடுக்கவும் கயிறு அவிழ்க்கவும் ஓடிக்கொண்டிருந்தார்கள். வீரையன் மட்டும் நின்று, ஒரு கயிற்றை அவர் கையில் திணித்து, "இந்த மாட்டைப் பிடிச்சுக்கண்ணே" என்றான்.

பிடித்துக்கொண்டார். டிராம் காத்திருந்து பார்த்துவிட்டு அவர் இல்லாமல் போய்விட்டது. பொழுது சாய்கிற வரைக்கும் அந்தக் கயிற்றைப் பிடித்தபடி நின்றார். வீரையன் வந்து வாங்கும்போது விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

கம்பெனி அவரை மறுபடி எடுத்துக்கொண்டதா, வேறெங்காவது போனாரா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. கேட்கவில்லை. ஆட்கள் சிதறினார்கள். பாலுசாமி சோலோன் பக்கம் போனான் என்றார்கள். வீரையனும் லானும் கோவாப் தாண்டி எங்கோ போனார்கள். மூன்று மாட்டில் ஒன்றுதான் கூடப் போனது. போகும்போது என் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். லான் நிற்கவில்லை.

என் லைசென்சு வந்துவிட்டது. முத்திரை போட்டு, கையெழுத்துப் போட்டு வந்தது. சட்டம் போட்டு மாட்டினேன். பின்னால் வெறும் மேடு. காப்பி குடிக்க ஆள் இல்லை.

அப்படி ஒரு பகலில் அவர் வந்தார். காக்கிக் கோட்டு இல்லை. பெஞ்சில் உட்கார்ந்தார். "காப்பியா, டீயா அண்ணே?" என்றேன். பெஞ்சின் இரண்டு பக்கமும் பார்த்தார். கேட்பதற்கு ஒருவரும் இல்லை.

"நீயே ஏதாச்சும் குடு."

காப்பி போட்டுக் கொடுத்தேன். குடிக்காமல் மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிடங்குச் சுவர் அப்படியேதான் நின்றது. அதை இடிக்கச் சொல்லி உத்தரவு இல்லை. ஆள் தோள் உயரத்துக்குக் கரிக்கை கரிக்கையாகத் தடம். நடுவில் அந்த ஒரு வரி, வெயிலில் சாம்பல் நிறமாகியிருந்தது.

"அதுல எடம்னு ஒரு வார்த்தை இருந்துச்சே தம்பி" என்றார்.

"இருந்துச்சுண்ணே."

"யாரு அழிச்சா?"

அந்தக் கேள்வியை அவர் கேட்டு நான் அறிந்ததில்லை. கேட்கமாட்டேன் என்று சொன்னவர். கேட்டுவிட்டு, பழக்கத்தில், டிராம் பாதைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார், நான் சொல்வதற்கு வசதியாக. வெளுத்த சட்டையின் முதுகு தெரிந்தது. நான் கையைத் துணியில் துடைத்தேன். அதில் அப்போது ஒன்றும் இல்லை.

"தனியா யாரும் அழிக்கலண்ணே" என்றேன். "எல்லாருஞ் சேந்துதான்."

மெல்லத் திரும்பினார். "எல்லாருஞ் சேந்தா?"

"ஆமாண்ணே."

"அப்பச் சரி" என்றார். முகம் தெளிந்துவிட்டது, சுவர் குறையக் குறையத் தெளியுமே, அதே மாதிரி. "நான் யாரோ ஒருத்தன்னு நெனச்சு ராப்பகலா மனசு கெட்டுக் கெடந்தேன்."

ஆறிப்போன காப்பியைக் கடைசிவரை குடித்தார். குடித்துவிட்டு, நல்லா இருக்கு என்றார்.